பால்மா விளம்பரத்தின் பத்து விநாடி

எங்கள் வீட்டுக்கு டிவி வந்தபோது நான் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கல்யாணத்துக்குப் பித்தளைப் பாத்திரம் வாங்கலாம் என்று அம்மா சொன்னாள். நான் டிவி வாங்கினேன். மூன்று நாள் என்னோடு அவள் பேசவில்லை. நான்காம் நாள் இலங்கையிலிருந்து ஒரு தமிழ் நாடகம் தெளிவாக எடுத்தது. நாடகம் முடிவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

டெல்லி நிகழ்ச்சிகள் எங்கள் பக்கம் ஒழுங்காக வந்து சேர இன்னும் சில வருடங்கள் இருந்தன. அதுவரை தென்காசிக்காரர்களுக்கு டிவி என்றால் இலங்கைதான். மாடிக்கு மேலே தென்னை உயரத்துக்கு இரும்புக் குழாயை நட்டு, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி வைத்தால் கடல் தாண்டி ஒரு நாடு வீட்டுக்குள் வந்துவிடும். புள்ளி புள்ளியாகத்தான் வரும். ஆனால் வரும். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் அடங்கவில்லை. ராமேஸ்வரத்துக்குப் போய் நின்று பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத நாடு அது.

எங்கள் வீடு குத்துக்கல்வலசை ஓரத்தில் இருந்தது. வீட்டில் மூன்றே பேர்: நான், அம்மா, அப்பா. அப்பா முப்பது வருடம் செங்கோட்டை ரோட்டில் ஒரு சா மில்லில் வட்ட ரம்பத்துக்கு முன்னால் நின்றவர். மலையிலிருந்து வரும் தடிகளை அந்த ரம்பம் அறுக்கும்போது எழும் கிரீச் ஓசை ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்கும். அதைப் பக்கத்திலிருந்து முப்பது வருடம் கேட்டவரின் காது என்ன ஆகும்? கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. முதலில் சைக்கிள் மணி கேட்கவில்லை. அப்புறம் குழந்தைகள் பேசுவது. அப்புறம் நாங்கள். திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். நரம்பு பட்டுப்போயிற்று என்றார் டாக்டர். காதில் வைக்க ஒரு மிஷின் கொடுத்தார். அது வீ வீ என்று விசிலடித்தது. அப்பா அதைக் கழற்றி அலமாரியில் வைத்தவர், பிறகு அந்த அலமாரி பக்கமே போகவில்லை.

எட்டு வருடமாக நானும் அம்மாவும் அவரிடம் கத்தித்தான் பேசினோம். தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள் எங்கள் வீட்டில் தினமும் சண்டை என்று நினைத்தார்களாம். கத்திக் கத்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் கையைக் காட்டிப் பேசப் பழகினோம். தட்டைக் காட்டினால் சாப்பாடு. குடையைக் காட்டினால் கடைக்கு. அதற்கு மேல் சொல்ல வேண்டியதை யாரும் சொல்வதில்லை. அவரும் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். நல்ல கதை சொல்லி; மில்லில் அவர் பேச ஆரம்பித்தால் லோடுமேன்கள் தடியை இறக்காமல் நிற்பார்களாம். அந்த மனிதர் என் கண்ணெதிரே வாயடைத்துப்போனார். அது எனக்குத் தாங்கவில்லை. டிவி வாங்கியதும் அதற்காகத்தான்: கேட்காவிட்டாலும் படமாவது பார்க்கட்டுமே என்று. அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

அவரோ டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார்.

ஏழு மணிக்குச் சற்று முன்பு இலங்கையின் தமிழ் நிகழ்ச்சி முடியும். உடனே ஒரு பால்மா விளம்பரம் வரும். பால்மா என்றால் அவர்கள் ஊரில் பால்பவுடர். ஒரு கண்ணாடித் தம்ளரில் பால் மெதுவாக விழுந்து நிறையும், ஒரு குழந்தை சிரிக்கும், சிங்களத்தில் ஏதோ எழுத்து வரும், அவ்வளவுதான். பிறகு சிங்களச் செய்தி. செய்தி என்று தெரிந்ததும் அம்மா எழுந்து டிவியை அணைத்து, டிவிப் பெட்டியின் மர ஷட்டரை இழுத்து மூடிவிடுவாள். யாருக்குப் புரியப் போகிறது?

சாரல் தொடங்கிய ஒரு நாள். பால் விழுந்துகொண்டிருந்தது. வழக்கமாக அந்த விளம்பரத்தில் ஒரு ஆள் துள்ளலாகப் பாடுவான். அன்றைக்குப் பாட்டு இல்லை. வேறொன்று வந்தது.

முதலில் ஒரு அடிக்குரல். குரல் என்று சொல்வதுகூடச் சரியில்லை, தொண்டை உள்ள எதுவும் அப்படி ஒலிக்காது. டிவி வைத்திருந்த மரப்பெட்டி அதிர்ந்தது, என் பாதத்துக்குக் கீழே தரை அதிர்ந்தது. அந்த ஒலி நகராமல் அப்படியே நின்றது. நிற்க நிற்க அதற்குள் இன்னொரு ஒலி பிறந்து அதன் மேலேயே மெல்ல ஏறியது. உச்சியில் பொட்டுப் பொட்டாகச் சின்னச் சின்னத் துளிகள் விழுந்தன. வீணையும் இல்லை, வயலினும் இல்லை, சினிமாவில் கேட்ட எதுவும் இல்லை. மின்சாரமே பாட ஆரம்பித்துவிட்டதா என்று நினைத்தேன். பத்து விநாடிதான் இருக்கும்.

அப்பா திரும்பினார். முழு உடம்பையும் திருப்பி டிவியைப் பார்த்தார்.

"ஏட்டி, என்ன சத்தம் அது?" என்று கேட்டார்.

அம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. எட்டு வருடத்தில் அப்பா ஒரு சத்தத்தைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. இடி கேட்கும் அவருக்கு, லாரி போனால் தெரியும். அது தரை அதிர்வதால் என்று நாங்கள் தள்ளிவிட்டிருந்தோம். இப்போது பாட்டு கேட்கிறது என்கிறார்! நான் கத்தினேன், "எப்பா, கேக்குதா?" என்று. என்னைப் பார்த்தார், முகம் சுருங்கியது, மறுபடி முதுகைத் திருப்பிக்கொண்டார். அதற்குள் செய்தி வந்து, அம்மா பழக்கதோஷத்தில் அணைத்துவிட்டாள்.

அன்றைக்கே முடிவு செய்தேன். அந்தப் பாட்டு எங்கே இருந்தாலும் கண்டுபிடித்து, முழுவதையும் அப்பாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

முதல் வேலை, அதை டேப்பில் பிடிப்பது. எங்களிடம் ஒரு டேப்ரெக்கார்டர் இருந்தது. டிவியின் ஸ்பீக்கருக்கு முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு ஏழு மணிக்கு முன் தினமும் தயாராக உட்காருவேன். பெரும்பாலான நாட்களில் அந்தத் துள்ளல்காரன்தான் பாடினான். எப்போதாவது ஒரு நாள், முக்கியமாக மலை மூடிக்கொண்ட நாட்களில், என் இசை வரும். அப்போது படத்தில் சாய்ந்த கோடுகள் ஓடும். மழைக்குப் படம் கெடுகிறது என்று நினைத்தேன். இசை வந்த முதல் நாள் பட்டனை மாற்றி அமுக்கிவிட்டேன். இரண்டாம் நாள், "ரசத்துக்கு உப்பு போட்டியாட்டி?" என்று அம்மா கேட்டது துல்லியமாகப் பதிவானது, பின்னணி இசையுடன். மூன்றாம் தடவைதான் சிக்கியது.

ஓடிப்போய் அப்பாவின் காதோரம் டேப்ரெக்கார்டரை வைத்துப் போட்டேன். உன்னிப்பாகக் கேட்டார். தலையை ஆட்டினார், இல்லை என்று. திரும்பவும் போட்டேன். இல்லை. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடிக்குரல் எழும்பவே இல்லை. துளிகள் மட்டும் மேலே டிக் டிக் என்று கேட்டன. டிவியில் வரும்போது மட்டும் அப்பா ஒவ்வொரு தடவையும் திரும்பினார். ஒரு தடவை வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கையோடு எழுந்து வந்து டிவிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றார். பத்து விநாடி முடிந்ததும், "அதுக்குள்ள நிறுத்திட்டானே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரே பால்மாவுக்கு இரண்டு விளம்பரம் எடுத்திருக்கிறார்கள், ஒன்றில் பாட்டு, ஒன்றில் இசை: இதுதான் என் முடிவு. ஆபீஸ்காரர்களில் வீட்டில் டிவி வைத்திருந்த இரண்டு பேரிடம் கேட்டேன். "ஆமா, ரெண்டு விளம்பரம் போடுதான்" என்று அவர்களும் சொன்னார்கள். அதற்கு மேல் சாட்சி வேண்டுமா? கொழும்பில் இருந்த பால்மா கம்பெனிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அந்த நாட்டில் அப்போது நிலைமை சரியில்லை. ஆனாலும் இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. எங்கள் விளம்பரத்தில் அப்படி எந்த இசையும் இல்லை, ஒரே விளம்பரம்தான், அதில் பாட்டு மட்டும்தான் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு காலண்டர். எனக்கு வந்த கோபத்துக்கு அதை மாவு சலிக்கும்போது கீழே விரித்துக்கொள்ள அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சொந்த விளம்பரத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்காத கம்பெனி என்று திட்டினேன். கம்பெனிக்காரர்கள் சொன்னது முழு உண்மை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்து என் சொந்த ஆயுதத்தை எடுத்தேன். டிரங்க் கால் காலம் அது. வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் சொல்ல வேண்டும். நாங்கள் அந்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு இணைப்போம். ஆபரேட்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது கிடையாது. பேர் சொல்லியும் கூப்பிடுவதில்லை, ஊர்தான் பேர். "ராஜபாளையம், இன்னைக்கு உங்க தொண்டை கட்டியிருக்கே?" "தென்காசி, கொஞ்சம் இருங்க, தூத்துக்குடி அழுதுட்டு இருக்கா, அவ மாமியார் வந்திருக்காளாம்." இப்படித்தான். எனக்கு அக்கா தங்கைகள் இல்லாத குறையை அந்த ஊர்கள் தீர்த்துவைத்தன.

டேப்ரெக்கார்டரை ஆபீசுக்குக் கொண்டுபோனேன். லைன் சும்மா இருக்கும்போது ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டு, வாய் வைத்துப் பேசும் இடத்தில் ஸ்பீக்கரை ஒட்டி வைத்து, அந்தப் பத்து விநாடியைப் போட்டுக்காட்டினேன். இது கூடாத காரியம்தான். சூப்பர்வைசர் அம்மாள் டீ குடிக்கப் போகும் நேரமாகப் பார்த்துச் செய்தேன்.

"ஒண்ணுமே கேக்கலியே தென்காசி" என்றாள் தூத்துக்குடி.

"கொசு பாடுத மாதிரி இருக்கு" என்றாள் நாகர்கோவில்.

"ஏன் தென்காசி, உங்களுக்கு மாப்பிள்ளை சீக்கிரம் பாக்கச் சொல்லவா?" என்றாள் ராஜபாளையம். அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் யாரையும் நான் கேட்கவே இல்லை. இலங்கை விளம்பரத்தைப் பற்றிக் கேரளாவில் கேட்பானேன்? அடுத்த வருடச் சாரலின்போது புனலூரிடம் போட்டுக்காட்டியது தற்செயல். ஒரு மரக்கடைக்காரரின் டிரங்க் காலுக்காக இருவரும் லைனில் காத்திருந்தோம். அவர் ஆள் அந்தப் பக்கம் வர நேரமானது. சும்மா இருப்பானேன் என்று டேப்பைத் தட்டினேன்.

புனலூர் என்னைவிட மூத்தவள். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள். துளிகள் இரண்டு விழுந்ததுமே சிரித்தாள்.

"இது நம்மட குடப் பரஸ்யம் அல்லே, மோளே?"

குட என்றால் குடை, பரஸ்யம் என்றால் விளம்பரம் என்று எனக்குத் தெரியும். "இல்ல சேச்சி, இது பால்மா விளம்பரம். இலங்கை" என்றேன்.

"ஏது இலங்கை? எங்க டிவியில தினமும் சாயங்காலம் தொடங்கும்போ முதல்ல வருவது இதல்லே. ஒரு குட மெல்ல மெல்ல விரியும். குழந்தைகளெல்லாம் இத மூளிப் பாடிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவது."

அவள் தெரியாமல் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் தூக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆன்டெனாவைத் திருப்பிப் பார்த்துவிடுவது என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

ஆன்டெனா திருப்புவது எங்கள் ஊரில் ஒரு கூட்டு வேலை. ஒருவர் மாடியில் குழாயைத் திருக வேண்டும், ஒருவர் டிவி முன்னால் நின்று "வருது, வருது, போச்சு" என்று கத்த வேண்டும். எங்கள் வீட்டில் குழாயைத் திருகும் பலம் அப்பாவுக்குத்தான் இருந்தது. கத்தினால் அவருக்குக் கேட்காது. அதனால் டிவி முன்னால் நான், முற்றத்தில் கையில் துண்டோடு அம்மா. நான் சொல்லச் சொல்ல அவள் துண்டை இடது பக்கமோ வலது பக்கமோ வீசுவாள். சரியாக வந்துவிட்டால் துண்டைத் தலைக்கு மேல் சுற்ற வேண்டும். தெருவில் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நின்று பார்ப்பார்கள்.

அன்றைக்கு அப்பாவுக்குக் கையால் மேற்கைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. அந்தப் பக்கம் மலை அல்லவா இருக்கிறது, என்ன வரப்போகிறது என்று கையை விரித்தார். நான் விடவில்லை. தோளை உயர்த்திவிட்டு மேலே ஏறினார். சாரல் முகத்தில் அடிக்க, குழாயைக் கட்டிப்பிடித்துத் திருகினார். திரை முழுக்க இரைச்சல். செங்கோட்டைக் கணவாய் இருக்கும் திசைக்கு ஆன்டெனா வந்ததும் இரைச்சலுக்குள் ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. அது மெல்ல மெல்ல விரிந்தது.

குடை. புனலூர் சொன்ன அதே குடை.

அடிக்குரல் எழுந்தது. அதுவரை கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆக்கியது அது. கோடு இல்லை, கரகரப்பு இல்லை, நேரே என் நெஞ்சுக்குள் வந்து நின்றது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை எனக்கு. அம்மா முற்றத்திலிருந்து, "இருக்கா இல்லையா, சொல்லித் தொலையேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் புரிந்தது. டிவியில் சேனலை நான் மாற்றவே இல்லை; இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே சேனலில் அனுப்புகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் மாலை ஒளிபரப்பு தொடங்குகிற நேரமும் இங்கே பால்மா விளம்பரம் வருகிற நேரமும் ஒன்று. கடலைப் பார்த்து நிற்கும் எங்கள் ஆன்டெனாவின் முதுகு மலையைப் பார்த்து நிற்கிறது. சில நாட்களில் முகத்தின் வழியாக இலங்கைப் படமும் முதுகின் வழியாகக் கேரளத்துச் சத்தமும் ஒன்றாக இறங்கியிருக்கின்றன. நாங்கள் இரண்டையும் சேர்த்து ஒரு விளம்பரம் என்று நம்பியிருக்கிறோம்! செய்தி வந்ததும் அம்மா அணைக்காமல் இருந்திருந்தால், சிங்களம் வாசிக்கும் பெண் மலையாளத்தில் பேசுவதைப் பார்த்து அன்றைக்கே விழித்திருப்போம். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக வியப்பாக இருந்தது. கடலையும் மலையையும் தாண்டி வந்த இரண்டு, சந்திக்க இடமில்லாமல் எங்கள் மொட்டைமாடிக் குழாயில் வந்து சந்தித்திருக்கின்றன. அதன் கீழே நாங்கள் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தோம்.

மறுநாள் புனலூரிடம் சரணடைந்தேன். அவள் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டாள். குடைக்கடைக்கு அந்த இசையைச் செய்து கொடுத்தது புனலூரிலேயே ரேடியோ ரிப்பேர் பார்க்கும் ஒரு பையனாம், எலக்ட்ரானிக்ஸ் படித்தவனாம். கூட்டாளிகளோடு சீசனுக்குக் குளிக்கக் குற்றாலம் வரப்போகிறானாம். முழு இசையும் டேப்பில் கொண்டுவருவான், வந்து வாங்கிக்கொள் என்றாள்.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அருவி இரைச்சலுக்குக் கொஞ்சம் தள்ளி, இலஞ்சிக்குப் போகும் ரோட்டில் ஒரு லாட்ஜ். வராந்தா முழுக்க ஈர வேட்டி காய்ந்தது, எண்ணெய் வாசனை. பையன் என்று புனலூர் சொன்னவனுக்கு என் வயதுதான் இருக்கும். தலை துவட்டிய துண்டு தோளிலேயே கிடந்தது. அவர்கள் வந்த வேனில் பாட்டுக் கேட்கக் கொண்டுவந்திருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டையும் அறைக்குள் தூக்கி வைத்திருந்தான். என் அப்பாவைப் பற்றிப் புனலூர் சொல்லியிருந்தாளாம். அப்பாவை ஒரு பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு டேப்பை ஓடவிட்டான்.

பத்து விநாடி என்று நான் ஒரு வருடமாகச் சுமந்தது, ஒரு முழு இசையின் வாசல்தான். உள்ளே போகப் போகப் போய்க்கொண்டே இருந்தது. அடிக்குரலுக்குக் கீழே இன்னொரு அடிக்குரல் இருந்தது. ஏறியது இறங்கியது, இறங்கியது மறுபடி எழுந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. இதை ஒரு மனிதன், அதுவும் என் வயதுக்காரன், ரிப்பேர் கடையில் உட்கார்ந்து செய்தான் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. பழைய ரேடியோப் பாகங்களைக் கொண்டு அவனே கட்டிய கருவியாம். "மழையில குடைக்குள்ள நிக்கும்போ ஒரு சத்தம் கேக்குமல்லோ அக்கா? அதத்தான் செய்ய நோக்கினது" என்றான். கடைக்காரர் பத்து விநாடி போதுமென்று சொல்லிவிட்டாராம். மீதியை அவன் வீட்டாரும் நண்பர்களும் தவிர யாரும் கேட்டதில்லை.

அப்பா அசையவில்லை. இரண்டு கையும் முழங்காலின் மேல். கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்து நரைமுடியில் நின்றது, துடைக்கவில்லை.

முடிந்ததும் நான் அவனிடம் டெலிபோன் கதையைச் சொன்னேன்: எத்தனை ஊருக்குப் போட்டுக்காட்டினேன், யாருக்குமே கேட்கவில்லை என்று. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். டெலிபோன் தாழ்ந்த சத்தத்தை வெட்டிவிடும், பேச்சு புரிவதற்கு வேண்டிய நடுப்பகுதியை மட்டும் அனுப்பும், அதனால் துளிகள்தான் போயிருக்கும் என்றான். சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தான். "அச்சனுக்கு இதுக்கு நேரே தலைகீழ். மேல உள்ள சத்தம் போயி, தாழ உள்ளது பாக்கி இருக்கு. நிங்க அவரோட எப்படிப் பேசுவீங்க?"

"எப்படியா? கத்தித்தான்" என்று சொல்லி, செய்தும் காட்டினேன். "எப்பா!"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஐயோ, அது செய்யண்டா" என்றான் அவன். "கத்துனா தொண்டை மேல போகும் அக்கா. அவருக்கு இல்லாத இடத்துக்கல்லே போவது. தாழ்த்திப் பேசுங்க. மெல்ல. ஆண்பிள்ளை மாதிரி."

நான் ஆபரேட்டர். லைனில் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகக் குரலை மேலே தூக்கி, மெல்லிசாக்கி, கூராக்கிப் பேசிப் பேசிப் பழகியவள். ஊரெல்லாம் என் குரலைப் பாராட்டும். அப்பாவுக்குக் கேட்கவே கேட்காத குரலாகப் பார்த்து வளர்த்து வைத்திருக்கிறேன். உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, அவர் காதோரம் குனிந்து, என்னிடம் இருந்த குரலிலேயே அடியில் கிடந்ததைத் தேடி எடுத்தேன்.

"எப்பா. பாட்டு புடிச்சிருக்கா?"

அவர் மெதுவாகத் திரும்பி என் வாயைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்.

"புடிச்சிருக்கு" என்றார். பிறகு, "ஏட்டி, கோவம் போயிட்டா ஒனக்கு?" என்று கேட்டார்.

"யாருக்குப்பா கோவம்?"

"ஒனக்கு. ஒங்கம்மைக்கு. எட்டு வருசமா ரெண்டு பேரும் என்னைய ஏசிக்கிட்டேதான இருக்கீக. பக்கத்துல வந்தாலே வாயத் தொறந்து, மூஞ்சி செவக்க ஏசுதீக. என்ன தப்பு பண்ணுனேன்னு எனக்குத் தெரியல. கேட்டா இன்னும் ஏசுவீகளோன்னு கேக்காம இருந்துட்டேன்."

நான் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். அந்த மலையாளத்துக்காரன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

டவுன் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தோம். அம்மா அடுப்படியில் இருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஏசிக்கொண்டே இருந்தோம் என்று அவர் நினைத்ததைச் சொன்னதும், அவள் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, முற்றத்தில் இருந்த அப்பாவிடம் போனாள். எனக்குத் தெரிந்து அவர் காதருகே அவள் குனிந்தது அன்றுதான். மூன்று தடவை தொண்டையைச் செருமி, குரலை இறக்கி இறக்கிப் பார்த்தாள்.

"நான் ஏசலங்க" என்றாள்.

அப்பாவுக்குக் கேட்டது. "பின்ன?" என்றார்.

"கூப்பிட்டேன்."